கம்பெனியா, எல்எல்பியா? முதலில் பத்திரத்தைப் பாருங்கள்

கொங்குப் பகுதியின் ஒரு நகரத்திலிருந்து ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்யும் பொறியாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2011ல் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த பார்ட்னர்ஷிப் நிறுவனம். இவரும் இவருடைய கல்லூரித் தோழரும் முழுநேரமாக உழைக்கிறார்கள். மூன்றாமவர் 68 வயது மூத்த பொறியாளர். இப்போது வாரத்தில் ஓரிரு நாள் வந்து வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறார். லாபத்தில் மூவருக்கும் சம பங்கு. போன வருடம் 46 லட்சமாக இருந்த கட்டண வரவு, இந்த 2025-26ல் 72 லட்சத்தைத் தொடும். எல்லாமே வங்கி வழி. சம்பளம், வாடகை, சாஃப்ட்வேர், பயணம் போக சரிபாதி நிற்கும். பங்குதாரர்கள் தலா 60,000 ரூபாயை மாதாமாதம் ‘சம்பளம்’ என்று எடுக்கிறார்கள். டேலி கணக்கு மென்பொருளிலும் அப்படியே பதிவாகிறது. வரியைப் பொறுத்தவரை, ஆடிட்டர் இதுவரை 44ஏடிஏ உத்தேச வருமானத் திட்டத்தில் பாதியை வருமானமாகக் காட்டி முடித்துவிடுவார்.

பங்குதாரருக்குத் தரும் சம்பளத்திலும் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வரி, பிடிக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் வந்த 194டி பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ‘சம்பளத்தை டிராயிங்ஸ் என்று எழுதிவிட்டால் போதுமா? கம்பெனிக்கு 22 சதவீதம்தானே, நாம் ஏன் 30 கட்ட வேண்டும்? எல்எல்பி (பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) ஆக்கினால் வரி குறையுமா? அடுத்த வருடம் உத்தேசத் திட்டத்தின் 75 லட்ச வரம்பைத் தாண்டாமல் இருக்க இரண்டு நிறுவனமாகப் பிரித்துக்கொள்ளலாமா? மூத்தவர் மார்ச்சில் விலகுகிறார். தன் பங்குக்கு அலுவலகத்தையே எழுதித் தரச் சொல்கிறார், தரலாமா? புதிய வருமான வரிச் சட்டம் வேறு வருகிறது, அதுவரை பொறுத்திருக்கலாமா?’ இவைதான் கேள்விகள். கடிதத்தோடு பார்ட்னர்ஷிப் பத்திரத்தின் நகலையும் இணைத்திருந்தார். அதுதான் நல்ல காரியம்.

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்ட ஆறு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, பணம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் பத்திரத்தின் ஒன்பதாவது ஷரத்து இப்படிச் சொல்கிறது: ‘பங்குதாரர்கள் அவ்வப்போது தங்களுக்குள் ஒப்புக்கொள்ளும் தொகையை ஊதியமாகப் பெறலாம்.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வருமான வரிக்கு இது போதாது. ஊதியம் எவ்வளவு, அல்லது எந்த முறையில் கணக்கிடப்படும் என்பது பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996லேயே 739ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ‘அவ்வப்போது ஒப்புக்கொள்ளும்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் எடுக்கும் சம்பளத்தை நிறுவனத்தின் செலவாக அதிகாரி ஏற்க மாட்டார்.

இத்தனை வருடம் இது உறைக்காததற்குக் காரணம் 44ஏடிஏ. அந்தத் திட்டத்தில் பாதி வருமானம் என்று காட்டிய பிறகு பங்குதாரர் ஊதியத்தைத் தனியாகக் கழிக்கவே முடியாது. அதனால் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். வரவு 72 லட்சம், ஊதியத்துக்கு முந்தைய லாபம் 36 லட்சம். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு அடுக்கு விகிதம் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. உத்தேசத் திட்டத்தில் 36 லட்சத்துக்கும் வரி: 11 லட்சத்து 23 ஆயிரம்.

அதே லாபத்தை முறையான கணக்கோடும் சரியான பத்திரத்தோடும் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் ஊதியத்தில் எவ்வளவு கழிக்கலாம் என்று சொல்லும் 40(பி) பிரிவின் வரம்பு 2024-25 நிதியாண்டிலிருந்து உயர்ந்திருக்கிறது. லாபத்தின் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம். உங்களுக்கு 5.4 லட்சமும் 18 லட்சமும் சேர்ந்து 23.4 லட்சம் ஊதியமாகக் கழியும். நிறுவனத்தின் கையில் மிஞ்சுவது 12.6 லட்சம், அதற்கு வரி 3 லட்சத்து 93 ஆயிரம். ஊதியம் உங்கள் தனிப்பட்ட கணக்குக்கு வரும். மூவருக்கும் பிரித்தால் தலைக்கு 7.8 லட்சம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் அங்கே வரி பூஜ்யம். மீதி லாபப் பங்கு உங்கள் கைக்கு வரும்போது அதற்கு மறுபடி வரி கிடையாது.

அதாவது அந்த ஒரு ஷரத்தும் அந்த ஒரு திட்டமும் சேர்ந்து ஆண்டுக்கு 7 லட்சத்து 30 ஆயிரம் ரூபாயைத் தின்கின்றன. உத்தேசத் திட்டம் தனியாகத் தொழில் செய்யும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் பல நேரம் லாபம். பங்குதாரர்கள் உழைக்கும் நிறுவனத்துக்கு அது பெரும்பாலும் நஷ்டம். ஆடிட் செலவு மிச்சம் என்பார்கள். 50 லட்சத்தைத் தாண்டிய நிறுவனம் 44ஏடிஏவை விட்டால் வரித் தணிக்கை கட்டாயம்தான், ஆனால் அந்தக் கட்டணம் இந்த ஏழு லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. ‘ஒருமுறை வெளியே வந்தால் ஐந்து வருடம் திரும்ப முடியாது’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் இருப்பது. உங்களுக்கு இல்லை.

முன்தேதி வேண்டாம்

நண்பர் ஒருவர் ஏப்ரல் 1 தேதியிட்டு இப்போது ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளச் சொன்னார் என்கிறீர்கள். செய்யாதீர்கள். முத்திரைத்தாள் வாங்கிய தேதியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஒருபுறம். பொய்யான ஆவணம் என்று வந்துவிட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய கழிவும் சந்தேகத்துக்குள் போய்விடும். பத்திரத் தேதிக்கு முந்தைய காலத்து ஊதியம் கழியாது என்று 40(பி) பிரிவே தெளிவாகச் சொல்கிறது.

ஒன்பதாவது ஷரத்தைத் திருத்தும் துணைப் பத்திரத்தை இந்த 2025 டிசம்பர் முதல் வாரத்திலேயே எழுதுங்கள். இப்போது நீங்கள் எடுக்கும் கணக்கில் மாதம் 1.8 லட்சம், நான்கு மாதத்துக்கு 7.2 லட்சம் கழியும், இந்த ஆண்டுக்கே சுமார் 2.25 லட்சம் வரி குறையும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் 56,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அதற்காக, நான்கு மாதச் சம்பளமாக 23 லட்சத்தையும் ஒரேயடியாக எழுதும் ஆசை வேண்டாம். அது எந்த அதிகாரியின் கண்ணிலும் படும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எடுத்த ஊதியம் நிறுவனத்தில் கழியாது என்றாலும், கழியாத அந்தத் தொகைக்கு உங்கள் தனிக் கணக்கில் இரண்டாவது முறை வரி வராது.

பத்திரத்தில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும். உழைக்கும் பங்குதாரர்கள் யார் யார் என்று பெயரோடு. ஊதியம் ‘சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு வரை, இன்ன விகிதத்தில்’ என்று கணக்கிடும் முறையோடு. மூலதனத்துக்கு வட்டி உண்டென்றால் அது எத்தனை சதவீதம் என்று. வட்டியில் 12 சதவீதத்துக்கு மேல் கழியாது. மூத்தவரை இதில் யோசித்துச் சேர்க்க வேண்டும். தொழிலில் தீவிரமாக ஈடுபடுபவருக்குத்தான் ஊதியம் கழியும். வாரம் ஓரிரு நாள் வந்து வரைபடம் சரிபார்ப்பதும் ஈடுபாடுதான், ஆனால் சம ஊதியம் என்று எழுதினால் கேள்வி வரும். அவருக்குக் குறைந்த விகிதம் வைப்பதே நேர்மையானது. அவர் விலகி நீங்கள் இருவர் மட்டும் ஆனால் அதே 23.4 லட்சம் தலைக்கு 11.7 லட்சமாகும், அப்போது வாடகை, வங்கி வட்டி என்று சிறிய வருமானம் சேர்ந்தாலும் 12 லட்சத்தைத் தாண்டிவிடும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

194டி: பெயரை மாற்றினால் போதுமா?

2025 ஏப்ரல் 1 முதல், நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் சம்பளம், ஊதியம், கமிஷன், போனஸ், வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். நிறுவனம் சிறியதா பெரியதா என்ற பேதம் இல்லை. கையில் கொடுத்தாலும் சரி, மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் சரி, எது முந்துகிறதோ அப்போதே பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்கும், போட்ட மூலதனத்தைத் திரும்ப எடுப்பதற்கும் இது பொருந்தாது.

ஆகவே ‘டிராயிங்ஸ்’ என்று எழுதுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஊதியமே இல்லாமல் லாபத்தை மட்டும் பிரித்துக்கொள்ளும் நிறுவனத்தில் மாதாமாதம் எடுப்பது பற்றுதான், டிடிஎஸ் இல்லை. உங்கள் கதை அது இல்லை. எட்டு மாதமாக வங்கிப் பரிமாற்றக் குறிப்பிலேயே ‘சம்பளம்’ என்று இருக்கிறது. இப்போது டேலியில் தலைப்பை மாற்றினால் வங்கி ஏடு மாறாது. இனிமேல் ஊதியம் கழித்து வரியைக் குறைக்கப்போகிறீர்கள் என்றால், ஒரு பக்கம் சம்பளம், இன்னொரு பக்கம் டிராயிங்ஸ் என்று சொல்லவும் முடியாது.

அபராதத்தை நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதியாகும். மாதத்துக்கு 18,000, எட்டு மாதத்துக்கு 1.44 லட்சம் பிடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். பிடிக்காததற்கு மாதம் 1 சதவீதம் வட்டி. டிசம்பரில் சேர்த்துப் பிடித்தால் மொத்த வட்டி எட்டாயிரம் ரூபாய் சுற்றளவில் வரும். டிடிஎஸ் பிடித்துக் கட்டுவதற்கான டான் எண்ணுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். விடுபட்டதை டிசம்பர் ஊதியத்தில் பிடித்து, ஜனவரி 7க்குள் வட்டியோடு கட்டுங்கள். அந்தக் காலாண்டின் டிடிஎஸ் அறிக்கையான 26கியூவில் காட்டுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் வட்டி மாதம் 1.5 சதவீதமாகும். அந்த மாதம் மூவர் வீட்டுக்கும் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் போகாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பணம் எங்கும் போய்விடவில்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வரி இல்லை என்றால் ரிட்டர்னில் திரும்பி வரும். டிடிஎஸ் பிடிக்காமலே விட்டால்தான் இடி: கழிக்கும் ஊதியத்தில் 30 சதவீதம் செலவாக ஏற்கப்படாது.

உங்களுக்குக் கட்டணம் தரும் கட்டுமான நிறுவனங்கள் ஏற்கெனவே 10 சதவீதம் பிடித்துத்தான் தருகின்றன. அடுத்த வருடம் நிறுவனத்தின் வரி நான்கு லட்சத்துக்குள் வந்துவிட்டால், வரவு முழுவதிலும் பிடித்தால் ஏழு லட்சம் வரை முடங்கும். குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஊழியர் சம்பளத்துக்குக் கடன் வாங்கும் நிலையில் இருக்கும் நிறுவனங்கள்கூட இதைச் செய்வதில்லை, எனக்கு எப்போதும் வியப்புதான்.

இன்னொரு சின்னத் திருத்தம். பங்குதாரர் ஊதியம் சட்டத்தின் கண்ணில் தொழில் வருமானம். அதனால் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உங்களுக்குக் கிடையாது. வீட்டுக்கடனுக்காகப் பழைய வரிமுறை, அடுத்த வருடம் புதியது என்று சம்பளக்காரரைப் போல ஆண்டுதோறும் மாறவும் முடியாது. ஒருமுறை பழைய முறைக்குப் போய்த் திரும்பினால் அதோடு சரி.

கம்பெனி, எல்எல்பி, இரண்டாகப் பிரிப்பது

பிரிப்பதை முதலில் ஒதுக்கிவிடுவோம். அதே ஆட்கள், அதே அலுவலகம், அதே வாடிக்கையாளர் என்று இரண்டு பெயர்ப் பலகை மாட்டினால் வருமான வரி, ஜிஎஸ்டி இரண்டு துறையும் கேள்வி கேட்கும். அதைவிட, உங்களுக்கு நஷ்டம் தரும் ஒரு திட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா இந்தப் பாடு?

எல்எல்பிக்கு வரியில் எந்தச் சலுகையும் இல்லை. அதே 30 சதவீதம், அதே 40(பி), அதே 194டி. 44ஏடிஏ மட்டும் கிடையாது. ஆனால் உங்கள் தொழிலில் வேறு காரணம் இருக்கிறது. பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் போட்ட கணக்கில் பிழை வந்து கட்டடத்துக்குச் சேதமானால் மற்றவரின் வீடும் நிலமும் அதற்குப் பொறுப்பு. எல்எல்பியில் தன் சொந்தத் தவறுக்கு அவரவர் பொறுப்பு, மற்றவர் தவறு உங்கள் சொத்தைத் தொடாது. இதற்காகப் போவதென்றால் போங்கள். 40 லட்சத்துக்கு மேல் வரவுள்ள எல்எல்பிக்கு அதன் சட்டப்படியும் தனித் தணிக்கை உண்டு.

கம்பெனி விஷயத்தில் உங்கள் முடிவில் நியாயம் இருக்கிறது, சொன்ன காரணம்தான் சரியில்லை. 22 சதவீதம் என்பது கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17, அதற்குப் பின் லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி. விகிதத்தை விகிதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். உண்மையான ஆதாயம், இயக்குநர் சம்பளத்துக்கு 40(பி) போன்ற உச்ச வரம்பு இல்லை என்பதில் இருக்கிறது. மூவருக்கும் தலா 12 லட்சம் சம்பளம் கொடுத்தால் 36 லட்சமும் கழிந்துவிடும். அங்கே அது சம்பள வருமானம், நிலையான கழிவும் உண்டு; வரி எங்கும் இல்லை. வெறும் கணக்கில் கம்பெனிதான் ஜெயிக்கிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு லட்சம்.

அப்படியும் இந்த வருடம் வேண்டாம் என்கிறேன். முதல் காரணம் உங்கள் வசூல். கட்டுமானக்காரர்கள் பில் தொகையை ஆறேழு மாதம் இழுக்கிறார்கள், ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டுகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பார்ட்னர்ஷிப் நிறுவனமாக இருக்கும்வரை வருமான வரிக்காவது ‘பணம் வந்தால்தான் வருமானம்’ என்ற ரொக்க அடிப்படைக் கணக்கைத் தொடர்ந்து கடைப்பிடிக்கலாம். கம்பெனிக்கு அந்த வசதி சட்டப்படி இல்லை. பில் போட்டாலே வருமானம். இரண்டாவது, கம்பெனிப் பணம் உங்கள் பணமல்ல. மகள் கல்யாணத்துக்கு மூலதனக் கணக்கிலிருந்து எடுத்ததைப் போல எடுத்தால், கம்பெனியின் பங்குகளை வைத்திருப்பவருக்குக் கொடுத்த கடன் என்று டிவிடெண்டாகவே கருதி வரி போடும் பிரிவு இருக்கிறது. மூத்தவருக்கு வாரம் ஓரிரு நாள் வேலைக்கு 12 லட்சம் என்பதும் நியாயமான சம்பளம் என்று நிற்காது. மூன்றாவதும் முக்கியமானதும், நிறுவனத்தை வரியில்லாமல் கம்பெனியாக மாற்ற, எல்லாப் பங்குதாரரும் மூலதன விகிதப்படி பங்குகள் பெற வேண்டும், பங்குகளைத் தவிர வேறு எதுவும் பெறக் கூடாது. மார்ச்சில் விலகப்போகிறவரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது வில்லங்கம். அவர் கணக்கு தீரட்டும், 2026-27 ஒரு வருடம் சரியான பத்திரத்தில் ஓடட்டும், வசூல் சீராகிறதா பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

மூத்தவரும் அலுவலகமும்

இதில்தான் எனக்குக் கவலை அதிகம். 2013ல் நிறுவனத்தின் பெயரில் வாங்கிய அலுவலகத்தை விலகும் பங்குதாரருக்கு எழுதிக்கொடுத்தால், அன்றைய சந்தை மதிப்புக்கு நிறுவனம் அதை அவருக்கு விற்றதாகவே 9பி பிரிவு எடுத்துக்கொள்ளும். 2021ல் வந்த திருத்தம் இது. கையில் ஒரு பைசா வராமல் நிறுவனம், அதாவது தங்கும் நீங்கள் இருவரும், மூலதன ஆதாய வரி கட்ட வேண்டிவரும். அவர் மூலதனக் கணக்கில் இருப்பதைவிட அதிக மதிப்புள்ளது அவருக்குப் போனால் 45(4) பிரிவின் வரி தனியாக வரும். தேய்மானம் கழித்த கட்டடம் என்பதால், நீண்டகால ஆதாயத்துக்கான 12.5 சதவீதம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்; உத்தேசத் திட்டத்தில் இருந்த ஆண்டுகளிலும் தேய்மானம் கழிந்ததாகவே கருதப்படும். பத்திரப்பதிவுச் செலவு வேறு.

அவருக்குச் சேர வேண்டியதைப் பணமாக, இரண்டு மூன்று தவணையில் கொடுப்பதே நல்லது. மூலதன இருப்பு வரை கொடுப்பதில் சிக்கல் இல்லை. அதற்கு மேல் ‘நல்லெண்ண மதிப்பு’ என்று கொடுப்பதற்குத்தான் வரி வரும். அதை யார் சுமப்பது என்று விலகல் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு வருடம் கூட இருந்த பெரியவரிடம் இதை எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: அலுவலகமாகக் கொடுத்தால் அரசுக்கு எவ்வளவு போகிறது, பணமாகக் கொடுத்தால் எவ்வளவு. அரசுக்குப் போகும் தொகையில் ஒரு பகுதியை அவருக்கே கூட்டிக் கொடுக்க முடியும் என்று தெரிந்தால் பேச்சு சுலபமாகும். அவர் தனக்கென ஓர் ஆடிட்டரைக் கேட்கட்டும், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கலாமா?

வேண்டாம். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அதில் 536 பிரிவுகள். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே இருக்கும். டிடிஎஸ் பிரிவுகள் பெரும்பாலும் 393ஆம் பிரிவுக்குள் அடங்கிவிடும், 194டியும் அங்கே போகிறது. எண்களும் மொழியும் மாறுகின்றன; உங்கள் விஷயத்தில் சாரம் மாறவில்லை. ஊதியத்துக்குப் பத்திரம் வேண்டும் என்பதும், அதற்கு வரம்பு உண்டு என்பதும் அப்படியே தொடர்கின்றன. துணைப் பத்திரத்தில் ‘40(பி) பிரிவுப்படி’ என்று மட்டும் எழுதாமல், ‘அவ்வப்போது நடைமுறையில் உள்ள வருமான வரிச் சட்டத்தின்படி’ என்று எழுதச் சொல்லுங்கள். ஏப்ரலில் மறுபடி முத்திரைத்தாள் வாங்க வேண்டியிராது.

முன்வரியையும் மறக்க வேண்டாம். 44ஏடிஏவில் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். அதை விட்டு வெளியே வந்தால் ஆண்டுக்கு நான்கு தவணை. ஜூன், செப்டம்பர் தவறியதற்குச் சிறு வட்டி வரலாம். டிசம்பர் 15க்குள் 75 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பிடித்த டிடிஎஸ் எவ்வளவு வரவாகியிருக்கிறது என்று 26ஏஎஸ் படிவத்தில் பார்த்து, குறைவதை மட்டும் கட்டுங்கள்.

உங்கள் ஆடிட்டரை மாற்ற வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 46 லட்சத்தில் இருந்தபோதும் சரியான பத்திரம் இருந்திருந்தால் வரி குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கணக்கு வேண்டாம், தணிக்கை வேண்டாம், சீக்கிரம் முடியுங்கள் என்று அவரிடம் சொன்னது நீங்கள்தான் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கை அவரிடமே காட்டுங்கள், உங்கள் முழு ஏடுகளும் அவரிடம் இருக்கின்றன. ரொக்க அடிப்படையா, பில் அடிப்படையா என்று இதுவரை டேலி எப்படி ஓடுகிறது என்பதை அவர் உறுதி செய்த பிறகுதான் மேலே நான் போட்ட 36 லட்சம் நிற்கும். துணைப் பத்திரத்தில் மூவரும் கையெழுத்திட்டதும் ஒரு நகலை வங்கிக்கும் கொடுங்கள். மூத்தவர் விலகும்போது பார்ட்னர்ஷிப் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஜிஎஸ்டி பதிவிலும் மாற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால், வெளியாருக்கு அவர் இன்னும் பங்குதாரர்தான், பொறுப்பும் அவர் தலையில் தொடரும்.